வண்ணத்தின் மேல் வார்னிஷ்

திருவிழாக் கொடி ஏறுவதற்கு ஒரு மாதம் முன்னதாகவே பங்குகளில் ஒரு பேச்சு எழுந்துவிடுகிறது. 'சுரூபத்துக்கு இந்த ஆண்டு பெயிண்ட் அடித்தே ஆக வேண்டும்' என்பர் சிலர். 'பெயிண்ட் நன்றாகத்தானே இருக்கிறது. அதன் மேல் ஒரு வார்னிஷ் கொடுத்தால் போதும், புதிது போல் மின்னும்' என்பர் வேறு சிலர். வீட்டுப் பீடத்தில் நிற்கும் சிறு சுரூபத்தைப் பற்றியும், கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கென்று பெட்டியிலிருந்து வெளியே எடுக்கப்படும் மண் பொம்மைகளைப் பற்றியும் இதே பேச்சுத்தான். இரு சாராரும் நல்லெண்ணத்துடனேயே பேசுகின்றனர். ஆயினும் நல்லெண்ணத்தால் பாழான சுரூபங்கள் நம் நாட்டில் கொஞ்சமல்ல. ஆகவே இத்திங்களில், வண்ணம் பூசிய பொருள்களின் மேல் நிறமற்ற காப்புப் பூச்சு இடுவதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசுவோம்.

வார்னிஷ் என்பது என்ன? பெயிண்டிலிருந்து வண்ணப்பொடியை நீக்கிவிட்டால் எஞ்சி நிற்பதே வார்னிஷ் எனலாம். ஒரு பிசினை எண்ணெயிலோ, ஸ்பிரிட்டிலோ, டர்பன்டைனிலோ கரைத்துத் துலக்கமான நீர்மமாக்கி வைத்திருக்கின்றனர். கரைப்பான் ஆவியாகப் பறந்துவிட, பிசின் மெல்லிய ஏடாகப் படிந்துவிடுகிறது. இந்தப் பிசின்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. தூபக் கலசத்தில் கங்கின் மேல் இடுகிறோமே குங்கிலியம், அதுவே இக்குலத்தின் மூத்த பிள்ளை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் வெள்ளைக் குங்கிலிய மரத்தின் பிசினிலிருந்து வார்னிஷ் செய்வது பழைய வழக்கம். கிரேக்க நாட்டுக் கியோஸ் தீவின் செடியொன்றிலிருந்து வடியும் மாஸ்டிக் என்னும் பிசினை ஐரோப்பிய ஓவியர்கள் பயன்படுத்தினர். பலாசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சி தருவது அரக்கு. அதனை ஸ்பிரிட்டில் கரைத்தால் தச்சர்கள் மேசை நாற்காலிகளுக்குத் தேய்க்கும் பாலிஷ் கிடைக்கிறது. இன்று கடைகளில் விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை ஆலையில் செய்த செயற்கைப் பிசின்களே. வேலை மட்டும் ஒன்றுதான்.

அது செய்யும் வேலை இரண்டு வகை. ஒன்று கண்ணுக்கு. ஆற்றில் கிடக்கும் கூழாங்கல்லைப் பாருங்கள். நனைந்திருக்கையில் அதன் நிறம் எவ்வளவு ஆழமாகத் தெரிகிறது, உலர்ந்ததும் எப்படி வெளுத்துப் போகிறது! கல்லின் நிறம் மாறுவதில்லை. உலர்ந்த மேற்பரப்பின் சொரசொரப்பில் பட்டு ஒளி நாற்புறமும் சிதறுவதால் நிறம் சாம்பல் பூத்ததுபோல் தோன்றுகிறது. நீர் அந்த மேடு பள்ளங்களை நிரப்பிவிடுகிறது. வார்னிஷும் அதையே செய்கிறது. ஆனால் உலர்ந்த பின்பும் அங்கேயே நிற்கிறது. மங்கிய சுரூபம் ஒரே நாளில் உயிர் பெற்றதுபோல் தோன்றுவதன் இரகசியம் இதுவே.

மற்றொன்று காவல். மெழுகுதிரியின் கரி, சாம்பிராணிப் புகை, மாலைகளின் ஈரம், தொட்டு வணங்குவோரின் கைவியர்வை ஆகிய யாவும் வண்ணத்தின் மேல் நேராகப் படாமல் இந்த ஏட்டின் மேலேயே படுகின்றன. உரோமையில் புனித பேதுரு பேராலயத்தில் இருக்கும் அவரது வெண்கலச் சுரூபத்தின் வலப் பாதம், நூற்றாண்டுகளாகத் திருப்பயணிகள் தொட்டும் முத்தி செய்தும் தேய்ந்து, விரல்களே தெரியாதபடி வழவழப்பாகிவிட்டது. வெண்கலத்துக்கே அந்நிலை என்றால், சுண்ணச் சாந்தின் மேல் முடியளவு கனத்தில் பூசிய வண்ணம் எம்மாத்திரம்? நம் அந்தோணியார் சுரூபங்களின் பாதங்களில் வெள்ளைத் திட்டு தெரிவது இதனால்தான்.

இந்தக் காவலுக்கு நாம் அறிந்தவற்றுள் மிகச் சிறந்த சான்று ஆம்ஸ்டர்டாம் நகரில் இருக்கிறது. ரெம்பிராண்ட் 1642-இல் தீட்டி முடித்த 'இரவுக் காவல்' என்னும் பெரிய ஓவியத்தின் மேல் 1990 ஏப்ரலில் ஒருவர் அமிலத்தைப் பீய்ச்சிவிட்டார். காவலர்கள் விரைந்து நீரைத் தெளித்தனர். அமிலம் வார்னிஷ் ஏட்டைத் தின்றதே தவிர வண்ணத்தைத் தொடவில்லை. ஆனால் அதே ஓவியம் வார்னிஷின் மறுபக்கத்தையும் நமக்குக் காட்டுகிறது. அதில் வரும் வீரர்கள் உண்மையில் பகலில்தான் புறப்படுகின்றனர்! காலப்போக்கில் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிய வார்னிஷ் பழுப்பேறிக் கருத்துப்போனதால், பின்வந்தோர் அதை இரவுக் காட்சி என்று கருதிப் பெயரும் சூட்டிவிட்டனர். பெயர் இன்றும் நிலைத்துவிட்டது.

நம் வீட்டுப் பீடத்திலும் இதே கதை சிறிய அளவில் நடக்கிறது. அன்னை மரியாவின் நீலப் போர்வை சில ஆண்டுகளில் பச்சை தட்டிப் போவதைப் பலரும் கண்டிருப்பர். 'பெயிண்ட் கலப்படம்' என்று கடைக்காரரை நொந்துகொள்வதுண்டு. பெரும்பாலும் குற்றவாளி மேலே இட்ட எண்ணெய் வார்னிஷே. ஆளிவிதை எண்ணெய் சேர்ந்த எந்தப் பூச்சும் நாளாக ஆக மஞ்சளாகும். நீலத்தின் மேல் மஞ்சள் கண்ணாடி வைத்தால் பச்சைதானே தெரியும்? சூசையப்பர் கையிலுள்ள லீலி மலரின் வெண்மை தயிரின் மேலாடை நிறத்துக்கு வந்துவிடும். பழுப்பு, சிவப்பு, கருநிறம் ஆகியவற்றில் இது அவ்வளவாகத் தெரியாது. இன்னொரு வியப்பும் உண்டு: எண்ணெய்ப் பூச்சு வெளிச்சத்தில் இருப்பதைவிட இருட்டில் அதிகமாக மஞ்சளாகிறது. கண்ணாடிக் கூட்டுக்குள், வீட்டின் உள்மூலையில், அலமாரிக்குள் வைத்துக் காப்பாற்றும் சுரூபத்துக்கே இந்நோய் முதலில் வருகிறது.

ஆகவே எதை வாங்குவது என்பதற்கு முதல் விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது. வெள்ளையும் நீலமும் மிகுந்த சுரூபங்களுக்கும் படங்களுக்கும், தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வகை நிறமற்ற பூச்சே ஏற்றது. டப்பாவில் பால்போல் வெண்மையாகத் தோன்றும், உலர்ந்ததும் தெளிந்துவிடும், எளிதில் மஞ்சளாவதில்லை. மர நிறம் பூசிய பீடம், சிலுவை, கதவு முதலியவற்றுக்கு எண்ணெய் வார்னிஷோ, பாலியூரித்தேன் எனப்படும் கடின வார்னிஷோ தாராளமாக இடலாம். அவற்றின் மஞ்சள் சாயல் மரத்துக்கு அழகே தரும். அரக்குப் பாலிஷைச் சுரூபத்துக்கு நாம் பரிந்துரைக்கமாட்டோம். ஈர மாலை பட்ட இடமெல்லாம் அது வெள்ளை பூத்துவிடும். கார்களுக்கு அடிப்பது போன்ற இரு டப்பாக் கலவைகள் மிக உறுதியானவையே. எனினும் அவற்றின் ஆவி மூச்சுக்குழலுக்குப் பெருங்கேடு விளைப்பது. தகுந்த முகமூடியும் கூடமும் உள்ள பட்டறையில் தொழிலாளர் செய்யட்டும். வீட்டு முற்றத்தில் வேண்டாம்.

அடியில் இருக்கும் வண்ணம் எது என்பதை அறியாமல் மேலே எதையும் இடலாகாது. வீட்டில் செய்யப்படும் வேலைகளில் பாதிக்கு மேல் கெடுவது இவ்விடத்தில்தான். எனாமல் பெயிண்ட் மாலையில் தொட்டால் ஒட்டாது. அதனால் உலர்ந்துவிட்டது என்று எண்ணிவிடுகிறோம். உள்ளே அது இன்னும் மென்மையாகவே இருக்கும். அதன் மேல் மறுநாளே கடுமையான தின்னர் கலந்த லாக்கரை அடித்தால், வெந்த பாலின் ஏடுபோல் பெயிண்ட் சுருங்கி மேலெழும். பின்பு சுரண்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. எனாமலுக்கு நல்ல வெயிற்காலத்தில் இரண்டு வாரமேனும், மழைக்காலத்தில் அதற்கு மேலும் காலம் கொடுங்கள். கொடியேற்றத்துக்கு மூன்று நாள் முன்பு பெயிண்டும், இரண்டு நாள் முன்பு வார்னிஷும் அடிக்கும் அவசரம் யாருக்காக? பளபளப்பான எனாமலின் மேல் தண்ணீர்ப் பூச்சு இட்டால், தாமரையிலைத் தண்ணீர்போல் அது திரண்டு நிற்கும். மிக நுண்ணிய உப்புத்தாளால், 400-ஆம் எண் தாளால், பளபளப்பு மட்டும் மங்கும்படி மெல்லத் தேய்த்த பின்பே அது பற்றும். கண், புருவம், இதழ் ஆகியவற்றின் மேல் அந்தத் தாள் படவே கூடாது. அம்மூன்றும் போனால் சுரூபமே போயிற்று.

எதுவானாலும் முதலில் சுரூபத்தின் அடிப்புறத்திலோ முதுகுப்புறத்திலோ ஒரு நாலணா அளவு இடத்தில் தடவிவைத்து, இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். சுருக்கமோ, நிறக் கசிவோ, வெள்ளை பூத்தலோ இல்லையெனில் மேற்கொண்டு செல்லலாம்.

துப்புரவு செய்வதிலும் பொறுமை வேண்டும். உலர்ந்த மென்துகிலால் தூசியை எடுத்து, சொட்டிய மெழுகை மரச் சீவலால் மெல்லப் பெயர்த்து, பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, ஒரு நாள் முழுதும் உலரவிடுங்கள். கைபட்டு எண்ணெய்ப் பிசுக்கேறிய பாதங்களை இன்னும் ஒருமுறை துடைக்க வேண்டும்; பிசுக்கின் மேல் எந்தப் பூச்சும் நிற்காது. குடிலுக்கான மண் பொம்மைகளையும் பாரிஸ் சாந்துப் பொம்மைகளையும் நீரில் அமிழ்த்துவது கூடவே கூடாது. அவை ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். உள்ளிருக்கும் ஈரம் பின்பு பூச்சைத் தள்ளி உரித்துவிடும்.

காலம் பார்ப்பதும் முக்கியம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வேலையைத் தொடங்கினால், காற்றின் ஈரம் பூச்சுக்குள் சிக்கி மேகம்போல் வெண்படலம் தோன்றும். நம் கெடுவாய்ப்பாக, குடில் பொம்மைகளை நினைக்கும் காலமே அதுதான். புரட்டாசி தொடக்கத்திலேயே அவற்றை வெளியே எடுத்து முடித்துவிடுவது புத்தி. நல்ல வறண்ட நாளில், காலை பத்து மணிக்கு மேல், நிழலில் செய்யுங்கள். நேர்வெயிலில் பூச்சு கொப்புளம் போடும்.

டப்பாவைக் குலுக்காதீர்கள். குலுக்கினால் எழும் நுரை அப்படியே சுரூபத்தின் மேல் உறைந்துவிடும். குச்சியால் மெல்லக் கலக்கி, வேண்டிய அளவை மட்டும் சிறு கிண்ணத்தில், மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்றிக்கொள்ளுங்கள். எண்ணெய் வார்னிஷானால் முதற் பூச்சுக்குப் பத்தில் ஒரு பங்கு டர்பன்டைன் சேர்க்கலாம். எண்ணெய் வகைக்கு இயற்கை மயிர்ப் பிரஷும், தண்ணீர் வகைக்கு நைலான் பிரஷும் ஏற்றவை. ஒரு கனத்த பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சுகள் எப்போதும் மேல். கனமாக இட்டால் அது உடையின் மடிப்புகளில் தேங்கும்; மூக்கு நுனியிலும் தாடையிலும் துளியாகத் திரண்டு உறையும். அழாத சுரூபத்தையும் அழவைத்துவிடும்! இரண்டு பூச்சுகளுக்கிடையே எண்ணெய் வகைக்கு ஒரு முழு நாள் விடுங்கள்.

பளபளப்பைப் பற்றி எமது கருத்தைச் சொல்லிவிடுகிறோம், மாறுபடுவோரும் இருக்கலாம். நம் மக்களுக்குப் பளபளப்பு பிடிக்கும். எனினும் முகத்துக்கு அது ஆகாது. சப்பரத்தின் விளக்கு வரிசைகள் முகத்தில் பட்டுத் தெறிக்கையில் கண்களே தெரிவதில்லை. உடைக்கு வேண்டுமானால் பளபளப்புப் பூச்சு இடுங்கள். முகத்துக்கும் கைகளுக்கும் 'மேட்' எனப்படும் மங்கல் பூச்சையே கொடுங்கள். மங்கல் தருகிற பொடி டப்பாவின் அடியில் தங்கியிருக்கும். அதனை அவ்வப்போது கலக்கிக்கொள்ள வேண்டும். அதையும் ஒரு பூச்சோடு நிறுத்துவது நலம். பல பூச்சானால் புகை மூடியதுபோலாகும். முடியிலும் ஓரங்களிலும் உள்ளது மெய்யான தங்க ரேக்கானால் அதன் மேல் ஒன்றும் வேண்டாம். தங்கம் கறுக்காது, வார்னிஷ்தான் அதை மங்கச் செய்யும். கடையில் வாங்கிக் குழைத்துப் பூசும் பொன்னிறப் பொடியோ செம்பும் துத்தநாகமும் கலந்தது. காற்றுப் பட்டால் கறுக்கும். அதற்கு மேற்பூச்சு தேவை.

கெபிகளிலும், தெருமுனைச் சிற்றாலயங்களின் உச்சியிலும் வெயிலில் நிற்கும் சுரூபங்களுக்கு நிறமற்ற வார்னிஷ் அடிப்பது பெரும்பாலும் வீண் செலவே. பெயிண்டிலுள்ள வண்ணப்பொடி வெயிலைத் தடுத்து, தன்னைப் பிணைத்திருக்கும் பிசினைக் காக்கிறது. வார்னிஷில் அந்தக் குடை இல்லை. வெயில் ஊடுருவிச் செல்ல, ஏடு வெடித்துச் செதில் செதிலாக உரியும். வெளிப்புறத்துக்கென்றே செய்த நல்ல பெயிண்டை முறையாக அடித்து, மேலே ஒரு சிறு கூரையும் போட்டுவிட்டால், எந்த வார்னிஷையும்விட அது நீண்டநாள் காக்கும்.

இனி, நம் மனத்தில் பாரமாக உள்ளதைச் சொல்ல வேண்டும். பழைய மரச் சுரூபங்களைப் பற்றியது அது. கடற்கரைப் பங்குகளிலும் உள்நாட்டுப் பழம்பங்குகளிலும் பாட்டன் பூட்டன் காலத்து மரச் சுரூபங்கள் பல உள்ளன. செதுக்கிய மரத்தின் மேல் வெண்சாந்து பூசி, அதன் மேல் கைதேர்ந்தவர்கள் முகத்தின் நிறத்தையும் கன்னத்தின் செம்மையையும் மெல்ல மெல்லத் தீட்டியிருப்பர். திருவிழாதோறும் யாரோ ஒருவர் நேர்ச்சையாக ஒரு பூச்சு எனாமலும் ஒரு பூச்சு வார்னிஷும் உபயம் செய்கின்றனர். இருபது பூச்சுக்குப் பின் விரல்களுக்கிடையே இருந்த இடைவெளி மறைகிறது, இமைகள் வீங்குகின்றன, முகம் மெழுகுப் பொம்மையாகிறது. வெறுப்பால் அல்ல, பக்தியால் மறைக்கப்பட்ட முகம் அது.

பெல்ஜியத்தின் கென்ட் நகரில், புனித பாவோ பேராலயத்தில், வான் எய்க் உடன்பிறந்தார் 1432-இல் முடித்த பெரும் பீட ஓவியம் ஒன்றுண்டு. பீடத்தின் மேல் செம்மறி நிற்க, அதனை வணங்கத் திருக்கூட்டம் நாற்றிசையிலிருந்தும் வருவதாக அமைந்தது. பதினாறாம் நூற்றாண்டில் யாரோ அதன் பல பகுதிகள் மேல் மறுவண்ணம் தீட்டினர். பின்வந்தோர் வார்னிஷ் மேல் வார்னிஷாக ஏற்றினர். 1951-இல் நடந்த ஒரு துப்புரவில் செம்மறியின் பழைய காதுகள் மட்டும் வெளிப்பட்டன. மேலே தீட்டிய காதுகளும் நீங்கவில்லை. ஆக, அச்செம்மறி பல ஆண்டுகள் நான்கு காதுகளுடன் நின்றது! 2012-இல் தொடங்கிய பெரும்பணியில், மஞ்சளேறிய வார்னிஷையும் மறுவண்ணத்தையும் நிபுணர்கள் உருப்பெருக்கியின் கீழ் அணு அணுவாக நீக்கினர். 2020 சனவரியில் மக்கள் மீண்டும் கண்டபோது, சாதுவான ஆட்டு முகம் இருந்த இடத்தில், காண்போரை நேராக உற்றுநோக்கும் முகம் ஒன்று இருந்தது. சிலர் திகைத்தனர், கேலி செய்தோரும் உண்டு. ஆயினும் ஓவியர் தீட்டியது அம்முகத்தையே.

அங்கே நீக்க முடிந்ததற்குக் காரணம், நிபுணர்களின் கைத்திறனோடு, அடிவண்ணம் பெரும்பாலும் சேதமின்றி இருந்ததுதான். நம்மிடையே நடப்பது வேறு. புதுப் பூச்சு பற்றவேண்டுமென்று பழையதை முரட்டு உப்புத்தாளால் மரம் தெரியும்வரை தேய்த்துவிடுகிறோம். தேய்த்தது மீளாது. ஓவியங்களைச் செப்பனிடுவோர் தாம் இடும் வார்னிஷ் எதுவாயினும், பின்னாளில் மென்மையான கரைப்பானால் அடிவண்ணத்தைத் தொடாமல் நீக்கக்கூடியதாகவே தேர்ந்தெடுக்கின்றனர். பெயிண்ட் கடை வார்னிஷ் அப்படிப்பட்டதன்று. ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகி, கரையாத தோலாகிவிடும். அதைக் கரைக்கும் எதுவும் அடியில் உள்ளதையும் கரைத்துவிடும். எனவே ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட மரச் சுரூபத்தின் மேல் பெயிண்டும் வேண்டாம், வார்னிஷும் வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம். தூசி தட்டி, ஈரமும் செல்லும் அண்டாத இடத்தில் வைத்து, மெழுகுதிரித் தண்டை இரண்டு முழம் தள்ளி நிறுத்தினால் போதும். உபயம் செய்ய விரும்பும் குடும்பத்தாரிடம் பங்குத்தந்தையும் பங்குப் பேரவையினரும் இதனை எடுத்துச் சொல்லி, அப்பணத்தில் கண்ணாடிக் கூடு ஒன்று செய்துவைக்கச் செய்யலாம். தேரில் எடுத்துச் செல்லப் புதுச் சுரூபம் ஒன்று தனியே வைத்துக்கொள்ளும் வழக்கமும் நல்லதே.

உடல்நலம் பற்றியும் இரு சொற்கள். பழைய பெயிண்டுகளில் ஈயம் மிகுதி. 2017 நவம்பர் முதல் நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கலாகாது என்பது சட்டம். அதற்கு முற்பட்ட பூச்சுகளுக்கு அந்தக் கட்டு இல்லை. அவற்றை உலர்வாகத் தேய்த்துப் பொடி பறக்கவிடாதீர்கள். குழந்தைகளும் கருவுற்றோரும் அவ்விடம் வரவே வேண்டாம். வார்னிஷ் அடிக்கும் அறையில் சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். பீடத்து விளக்கும் மெழுகுதிரியும் அன்று அணைந்தே இருக்கட்டும். ஆளிவிதை எண்ணெய் அல்லது எண்ணெய் வார்னிஷ் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிவது பேராபத்து. உலர்கையில் அந்த எண்ணெய் வெப்பத்தை வெளியிடும். சுருட்டிய துணிக்குள் வெப்பம் தேங்கி, நெருப்பு வைப்பார் இன்றியே அது பற்றிக்கொள்ளும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது நீரில் அமிழ்த்திவிடுங்கள்.

வேலை முடிந்தபின் சுரூபத்தின் அடிப்பலகையில் ஒரு துண்டுத் தாள் ஒட்டி, எந்தப் பெயிண்ட், எந்த வார்னிஷ், எத்தனை பூச்சு, எந்த மாதம், எந்த ஆண்டு என்று எழுதிவையுங்கள். கோவில் சுரூபமானால் பங்குக் குறிப்பேட்டிலும் எழுதலாம். பத்து ஆண்டு கழித்துத் துப்புரவு செய்ய வருபவர் முதலில் கேட்கும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். மீந்த வார்னிஷைச் சிறிய புட்டியில் விளிம்புவரை நிரப்பி இறுக மூடிவையுங்கள்; பெரிய டப்பாவில் பாதியாக வைத்தால் அடுத்த திருவிழாவுக்குள் மேலே தோல் கட்டிவிடும்.